சீழை சிரிஞ்சால் உறிஞ்சினால் போதாது
ஜிம்மில் உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டினால், சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. தசைக்குள் சீழ் கெட்டியாக, பல அறைகளாகத் தேங்கும். ஊசிமுனையில் கொஞ்சம்தான் வரும். மருத்துவர் ஸ்கேனில் ஆழம் பார்த்து, கீறி, அறைகளை உடைத்து வெளியேற்றி, சீழைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். இப்படிச் சீழ் கட்டவைக்கும் ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ்) கிருமிகளில் பெரும்பாலானவற்றை அமாக்சிசிலின் மட்டும் கொல்லாது. வாரங்கள் கழித்து வரும் கட்டி என்றால் காசநோய்க் குடும்பத்துக் கிருமியாகவும் இருக்கலாம். அதற்குத் தனி கல்ச்சர் கேளுங்கள்.

எண்ணெயில் கரைத்த ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் வலிப்பது சகஜம். ஆனால் சிவப்பு பரவினாலோ, சூடும் காய்ச்சலும் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுவது, மருந்தை உறிஞ்ச ஒரு ஊசி, குத்த வேறு ஊசி: இதெல்லாம் அவசியம்தான். ஆனால் ஜிம்மில் கிடைக்கும் லேபிள் இல்லாத குப்பிக்குள்ளேயே கிருமி இருந்தால் ஸ்பிரிட் என்ன செய்யும்?