அரணை கடித்தால் மரணமா?

"அரணை கடித்தால் மரணம், அதன் வழுவழுத்த தோலிலும் தேரைபோல நஞ்சு" என்றொரு வாட்ஸ்அப் செய்தி மட்டக்களப்பில் சுற்றுகிறது. இரண்டுமே பொய். அரணைக்கு நஞ்சே இல்லை.

தேரை வேறு சங்கதி. அது ஈரூடகவாழி, கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு. அரணையோ ஊர்வன. அந்தப் பளபளப்பு ஈரமல்ல, கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில். தொட்டால் காய்ந்திருக்கும். பாம்புக்குட்டி என்று அடித்துக் கொல்பவர்களும் உண்டு, பாவம். நம் வளவில் திரியும் அரணை கண் சிமிட்டும். பாம்புக்கோ சிமிட்ட இமையே கிடையாது. வாலைப் பிடித்தால் வால் மட்டும் கையில் துடிக்கும், அரணை பொச்சு மட்டைக் குவியலுக்குள் ஓடியிருக்கும்.

சரி, இருட்டில் கடித்தது எதுவென்று தெரியாவிட்டால்? அரணைதான் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.