டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் ஆள் வேண்டும்

விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தப் பரதநாட்டிய மாணவிக்காக ஊரே பணம் திரட்டுவதையும், கூட ஆடும் பிள்ளைகள் முறைவைத்துப் போய்த் துணைக்கு இருப்பதையும் படித்தபோது கண் கலங்கிவிட்டது. உடனே பரதநாட்டியக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன் நினைவுக்கு வந்தார். 1981இல் திருச்சி பக்கம் நடந்த பேருந்து விபத்தால் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மறுபடி மேடை ஏறினாரே, எல்லோரும் அந்த மேடையைத்தான் சொல்கிறோம். எனக்கு என்னவோ நடுவில் வலியோடு நடக்கப் பழகிய காலமும், அப்போது கூடவே நின்ற அப்பா அம்மாவும்தான் பெரிதாகத் தெரிகிறார்கள்.

அதனால் உதவுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் தமிழக முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், திரட்டிய பணத்தில் ஒரு பங்கைப் பிசியோதெரபிக்கும் ஆட்டோ செலவுக்கும் வேலைக்குப் போக முடியாத அம்மாவின் வீட்டுச் செலவுக்கும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் வீட்டுக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். பார்க்கப் போகிறவர்கள் "எப்போ ஆடுவே?" என்று மட்டும் கேட்காதீர்கள். முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் ஆடும் அரைமண்டி முழங்காலுக்கு எவ்வளவு பாரம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும், டாக்டர் சொல்லட்டும். அதுவரை உட்கார்ந்தபடியே முத்திரையும் அபிநயமும் செய்யலாம், தாளம் போடலாம். அவளுடைய டீச்சர் வாரம் ஒருநாள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தால் ரொம்ப நல்லது.