குதிரைக்குப் பத்து முழம்

அம்மாவின் மாவுக்கட்டைச் சென்ற வாரம்தான் பிரித்தார்கள். ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சாம்பாருக்கு உப்புப் போடக்கூட என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், விசாரிக்க வந்த எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "கொடைக்கானலில் குதிரை தள்ளிவிட்டது." பக்கத்தில் இருந்த நான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். குதிரை அவரைத் தொடவே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. ஏரிச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அந்த நேரத்து நெரிசல் கண்ணில் நிற்கும். சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து இந்த ஏரியை உண்டாக்கியபோது, ஒரே சாலையில் நடப்பவர்கள், வாடகை சைக்கிள்கள், கார்கள், சோளக்கதிர் வண்டிகள், குதிரைகள் அத்தனையும் முட்டிக்கொண்டு போகும் என்று நினைத்திருக்க மாட்டார். நானும் அம்மாவும் ஏரி வேலியை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம்.

எதிரே ஒரு மட்டக்குதிரை. மேலே இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர். அவருடைய நண்பர் எங்களுக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்தபடி "வேகமாக வா, வேகமாக வா" என்று கத்துகிறார். பின்னால் நடந்து வந்த குதிரைக்காரர் ஏதோ ஒலி எழுப்பினார். குதிரை ஓட்டம் பிடித்தது. அதே நேரம் எங்கள் முதுகுப் பக்கமிருந்து இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் ஒன்று மணியை அடித்துக்கொண்டே வந்தது. அதன் கைப்பிடியில் பளபளவென்று வெள்ளிநிறப் பலூன். குதிரை அதைப் பார்த்த கணத்தில் பக்கவாட்டில் ஒரு துள்ளல். அம்மா பதறி ஒதுங்கினார், சாலை விளிம்பில் கால் இடறியது, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு விரிசல்.

இளைஞர் பிடரியைக் கட்டிப் பிடித்துத் தப்பினார். குதிரைக்காரர் ஓடி வந்து முதலில் கடிவாளத்தைப் பிடித்தார், பிறகுதான் அம்மாவைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிய ஆத்திரம். விழுந்து கிடப்பது மனுஷி, அவருக்குக் குதிரைதான் முக்கியமா? யோசித்துப் பார்த்தால் அந்தக் காலையில் யாராவது சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பிடிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் இன்னும் நான்கு பேர் விழுந்திருப்பார்கள்.

அன்று இரவே குடும்பக் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது: குதிரைகளையே தடை செய்ய வேண்டும். சித்தப்பா மூன்று முறை எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம், நானும் கொஞ்சம் குதிரை ஏறியவன். நாற்பது வயதில், கோவைக்கு வெளியே, ஆறு மாதம். முதல் இரண்டு வகுப்புகளில் எங்களை ஏறவே விடவில்லை. தேய்த்துவிடுவதும், லத்தி, அதாவது குதிரைச் சாணம், அள்ளுவதும், பக்கத்தில் நிற்பதும்தான் பாடம். காசு கொடுத்து லத்தி அள்ளுகிறாயா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் கற்றதுதான் மிச்சம். சவாரியை ஏறக்குறைய மறந்துவிட்டேன்.

குதிரை, ஓடித் தப்பியே பிழைத்த இனம். புலியோ பலூனோ என்று நின்று விசாரித்த குதிரைகளுக்குச் சந்ததி இருந்திருக்காது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். தெரியாத இடங்கள் இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகில். பின்னாலிருந்து சத்தமில்லாமல் யார் வந்தாலும் அதற்குப் பகைதான். அதனால் உதைக்கும். அது முரட்டுத்தனம் இல்லை, பயம். 250, 300 கிலோ எடையுள்ள பயம் என்பதுதான் சிக்கல்.

"கொம்புள்ளதற்கு ஐந்து முழம், குதிரைக்குப் பத்து முழம், யானைக்கு ஆயிரம் முழம்" என்று பாட்டி சொல்வார். ஒரு முழம் ஒன்றரை அடி என்றால் பத்து முழம் பதினைந்து அடி, நாலரை மீட்டர். பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிகள், குதிரையைக் கடக்கும் வண்டிகள் மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் குறைந்தது 2 மீட்டர் விலகிப் போகச் சொல்கின்றன. பாட்டி இரண்டு மடங்குக்கும் மேல் தாராளம்.

ஆனால் அந்தப் பழமொழி நடப்பவனுக்குச் சொன்னது. நீ விலகி நில் என்கிறது. குதிரையை ஒருவர் நடப்பவனின் பாதைக்கே கொண்டுவந்து, அதுவும் ஓட்டிக்கொண்டு வரும்போது, அவன் எங்கே விலகுவான்? ஒரு பக்கம் கார், மறுபக்கம் ஏரி வேலி. குதிரை 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பாட்டியின் பத்து முழத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய அரை நொடி போதும். அறுபத்தெட்டு வயது முழங்கால் அரை நொடியில் எதையும் முடிவு செய்யாது. ஆகவே அந்த இடைவெளியைக் கொடுக்க வேண்டியவர் மேலே உட்கார்ந்திருப்பவர்தான். இடம் இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். குதிரையை நடைக்கு இறக்க வேண்டும். நடக்கும் குதிரையின் வேகம் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். அந்த வேகத்தில் அது மிரண்டாலும் பிடிக்கலாம், நமக்கும் ஒதுங்க அவகாசம் இருக்கும். மழை பெய்த தார்ச்சாலையில் லாடம் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரை விழுந்தால் அதற்குக் கால் போகும், மேலே இருப்பவருக்கு என்ன போகும் என்று சொல்ல முடியாது.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவரும் ஒரு குதிரைக்காரர்தான். அம்மா விடுதியில் ஓய்வெடுத்த மறுநாள், ஆத்திரம் தீராமல் ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு சிறுமியைச் செவலைக் குதிரையில் ஏற்றினார். ஏற்றும் முன் வயிற்று வாரின் அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார், ஒரு துளை இறுக்கினார். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கும்படி செருப்பை நகர்த்தி வைத்தார். வழியெல்லாம் அவர் கை கடிவாளத்தை விடவில்லை. வளைவில் ஒரு சுற்றுலாப் பேருந்து ஹாரன் அடித்தபோது குதிரையின் ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. அவர் உடனே நின்று, குதிரையின் முகத்தைப் பேருந்துப் பக்கம் திருப்பி, அது கடந்து போகும்வரை கழுத்தில் தட்டிக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணே திருப்பினீர்கள்?" என்று கேட்டேன். "சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துவிட்டால் பயம் போய்விடும்" என்றார். முன்னால் நடந்துபோகிறவர்களை நெருங்கும்போதெல்லாம் "ஐயா, வலது பக்கம் குதிரை வருகிறது" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரல் கேட்டுப் பதறிய ஆள் ஒருவரும் இல்லை.

சீசனில் அவருக்கும் நெருக்கடிதான். ஆண்டில் சில வாரங்கள்தான் வருமானம், கொள்ளும் தவிடும் ஆண்டு முழுவதும் வாங்க வேண்டும். ஓட்டிக் காட்டச் சொல்லிக் கூடுதல் காசு நீட்டுகிறவர்களை அவர் திருப்பி அனுப்பும்போது, அடுத்த குதிரைக்காரர் வாங்கிக்கொள்கிறார். அதனால் என் கோபத்தில் பாதிக்கு மேல் காசு நீட்டுகிறவர் மேல்தான். வாழ்க்கையில் முதல்முறை சேணத்தில் உட்கார்ந்தவர், கடிவாளத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாதவர், ஜனத்திரளுக்கு நடுவே பாய்ச்சலில் போக ஆசைப்படுகிறார், ஒரு நிமிடக் காணொளிக்காக. மெரினா மணலிலும் இதே கூத்து நடக்கிறது. மாலையில் குழந்தைகள் மண்வீடு கட்டும் இடத்தில் குதிரை பறக்கிறது. மணல் என்பதால் குளம்புச் சத்தமும் கேட்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் தடுக்கத் தவறுகிறவருக்கு 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. நாங்கள் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மாட்டியிருப்பவர் குதிரைக்காரர். "வேகமாக வா" என்று கத்தியவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, மறைக்கவில்லை. இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிள்களும் போகலாம் என்று 1968-ல் சட்டம் செய்தபோதே, நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்று சேர்த்தே எழுதிவிட்டார்கள். பின்னாலிருந்து மணி அடிப்பதைவிடத் தூரத்திலேயே வாயால் கூப்பிடுவது நல்லது. மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கம். குழந்தையைக் குதிரையின் பின்புறம் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். தலைக்கவசம் கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். சாலையில் கிடக்கும் லத்தியைப் பற்றிச் சித்தப்பா தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார். அள்ளிப் போட ஒரு கூடையும் தட்டும் போதும் சித்தப்பா, ரோஜாச் செடிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் ஒரு மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். கோரிக்கை இரண்டே வரி. ஏரிச் சாலையில் குதிரை நடந்துதான் போக வேண்டும், உடன் வருபவரின் கை கடிவாளத்தில் இருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேலி போட்ட ஒரு மைதானத்தை ஒதுக்க வேண்டும், கட்டணம் குதிரைக்காரர்களுக்கே போக வேண்டும். கையெழுத்துக்காக அம்மாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "குதிரை தள்ளிவிட்டது என்று எங்கேயும் எழுதவே இல்லையே" என்றார். இன்னும் வீங்கியிருக்கும் அந்தக் கையாலேயே, கோணலாக, கையெழுத்துப் போட்டார். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.