சிரிக்க வைக்கும் பிழைகளை விடுங்கள், பெயர்களைப் பாருங்கள்

கேம் மொழிபெயர்ப்புப் பிழை என்றதும் எல்லோரும் 'ஜீரோ விங்' என்ற பழைய கேமின் உடைந்த ஆங்கில வசனத்தை வைத்து வந்த மீமைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இலக்கணம் உடைந்த வசனத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். கதைக்கு அதனால் ஒரு கீறலும் விழாது. ஒரு தொடரின் முன்கதையையே கெடுப்பது, பார்க்க ஒழுங்கான ஆங்கிலமாகத் தெரியும் பிழைதான். அதிலும் முக்கியமாகப் பெயர்கள்.

சேகாவின் 'ஃபேன்டஸி ஸ்டார்' தொடரை எடுத்துக்கொள்வோம். 1987-ல் வந்த முதல் கேமின் மந்திரவாதிக்கு ஜப்பானியத்தில் லூட்ஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் நோவா ஆக்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தின் கதை ஏறக்குறைய ஆயிரம் வருடம் தள்ளி நடக்கிறது. அதே ஆள் திரும்ப வருகிறார், இந்த முறை ஆங்கிலத்திலும் லூட்ஸ்! ஜப்பானியத்தில் விளையாடியவர் "அட, இவரா!" என்று நிமிர்ந்து உட்காரும் இடம் அது. ஆங்கிலத்தில் விளையாடியவருக்கோ யாரோ ஒரு புது ஆள்.

நான்காம் பாகத்தில் (ஜப்பானில் 1993, அமெரிக்காவில் 1995) இதற்கு நேர் எதிர். அங்கே லைலா என்ற வேட்டைக்காரி ஆங்கிலத்தில் ஆலிஸ் ஆகிறாள். முதல் பாகத்து நாயகி அலிஸாவும் ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஆலிஸ்தான். எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து மட்டும் வேறு. வம்சாவளியா, மறுபிறவியா என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்? ஜப்பானியத்தில் இந்த இருவர் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே தொடரில் இருந்த உறவை ஒரு பெயர் அறுத்தது, இல்லாத உறவை இன்னொன்று முடிந்து வைத்தது.

பெயரை எழுத இடம் போதவில்லை என்று சமாதானம் சொல்வார்கள். இந்தத் தொடரின் ஆங்கிலப் பதிப்பில் நாயகர் பெயர்கள் நான்கு எழுத்தைத் தாண்டுவதில்லை, உண்மைதான். ஆனால் லூட்ஸையும் லைலாவையும் ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். இரண்டுமே நான்கெழுத்துக்குள் அடங்கும். தொடர்ச்சியை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991) கதை எல்லோரும் அறிந்தது. "என் ஷோர்யூகெனை முறியடிக்காதவரை உனக்கு வெற்றியில்லை" என்று ஜப்பானியத்தில் சொல்கிறான் ரியூ என்ற சண்டை வீரன். அந்த அடியின் பெயரிலுள்ள முதல் இரண்டு கான்ஜி (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) எழுத்துகளை மொழிபெயர்ப்பில் சீன உச்சரிப்பில் படித்ததால், ஆங்கிலத்தில் 'ஷெங் லாங்' என்று ஓர் ஆள் பிறந்துவிட்டார். சூப்பர் நின்டெண்டோ பதிப்பின் ஆங்கிலக் கையேடு அவரையே ரியூவுக்கும் இன்னொரு வீரன் கென்னுக்கும் குருவாக்கியது. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க கேம் பத்திரிகை, அவரை வரவழைக்க வழி இருப்பதாக முட்டாள்கள் தினக் கேலி செய்ய, எத்தனையோ பேர் காசைக் கரைத்தார்கள். உண்மையான குரு கோகென். 2009-ல் கன்சோல்களுக்கு வந்த நான்காம் பாகத்தில்தான் அவரை வைத்து விளையாட முடிந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017-ல் வந்த செல்டா தொடர் கேமான 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' இறுதிச் சண்டையில், வில்லன் கேனன் மறுபிறவியைக் கைவிட்டு இந்த வடிவம் எடுத்திருப்பதாக ஆங்கிலத்தில் இளவரசி செல்டா சொல்கிறாள். ஜப்பானியத்தில், மீண்டெழுவதைக் கைவிட மறுக்கும் வெறியிலிருந்து பிறந்த வடிவம் அது. அப்படியே தலைகீழ்! செல்டா தொடரின் காலவரிசையைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஒரு வரியை வைத்து எவ்வளவு கட்டியிருப்பார்கள்?

ஆகவே ஒரு கேமின் கதையைப் பற்றித் தியரி எழுதும் முன் கொஞ்சம் வேலை செய்யுங்கள். ஜப்பானியப் பதிப்பை முழுதாக விளையாடிய வீடியோவில் அதே காட்சியைப் பிடியுங்கள். பெயரைக் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்து முறையில் குறித்துக்கொண்டு, தொடரின் மற்ற பாகங்களிலும் அதே எழுத்துகள் வருகின்றனவா என்று தேடுங்கள். இந்த ஒரு படியிலேயே பாதிக் குழப்பம் தீரும். வாக்கியமாக இருந்தால் எழுவாய் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியத்தில் அது அடிக்கடி விடுபடும். பன்மையும் பெரும்பாலும் வெளியே தெரியாது. திரையைப் பார்க்காமல் வெறும் வசனப் பட்டியலை வைத்து வேலை செய்த மொழிபெயர்ப்பாளர் அங்கே 'அவன்', 'அவள்', 'அவர்கள்' என்று ஊகித்துத்தான் நிரப்பியிருப்பார். பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளோடு ஒப்பிடுவதும் நல்லதுதான், ஆனால் அவை ஜப்பானியத்திலிருந்து நேரே வந்தவையா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தால் அதே பிழைதான் அங்கேயும் இருக்கும்.