இருபது வயசுப் பையனுக்கு ஜாதகம்

பேஸ்பால் பார்க்கப் போனால் பேஸ்பாலைப் பார்க்க விட வேண்டாமா? நேற்று என் பின்வரிசையில் இரண்டு பேர். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பையன் மட்டையோடு வந்து நின்றான். அவ்வளவுதான், ஜாதகக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். "வளைஞ்சு வர்ற பந்தைத் தொடவே தெரியல, தேற மாட்டான்" என்று ஒருவர். "பட்ட பந்து போற வேகத்தைப் பாரு, பெரிய ஆளா வருவான்" என்று இன்னொருவர். 2023-ல் பந்து வீச்சுக்குக் கடிகாரம் வைத்த பிறகு, பேஸில் (அடித்தவர் ஓடிச் சேரும் இடங்களில்) ஆள் இல்லையென்றால் பந்து வீசும் பிட்ச்சருக்கு அடுத்த பந்தைப் போடக் கிடைப்பதே 15 நொடி. அதற்குள் பையனை இரண்டு தடவை ரிட்டயர் செய்துவிட்டார்கள். வேர்க்கடலைத் தோல் வேறு என் காலருக்குள்.

பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆரோன் ஜட்ஜ் 2016-ல் வந்தபோது 27 ஆட்டத்தில் 42 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்காமலே அவுட்), சராசரி .179, அதாவது நூறு வாய்ப்பில் 18 ஹிட்கூட (அடித்துவிட்டுப் பேஸ் சேர்வது) இல்லை. அடுத்த வருஷமே 52 ஹோம் ரன், நம்மூர் சிக்ஸர் மாதிரி. 1951-ல் அறிமுகமான இன்னொரு ஜாம்பவான் வில்லி மேஸுக்கு முதல் 26 வாய்ப்பில் ஒரே ஒரு ஹிட். இதெல்லாம் இவர்களுக்கும் தெரியும், அதுதான் கடுப்பு. "எல்லாரும் ஜட்ஜ் ஆயிடுவாங்களா?" என்றார் முதலாமவர். சரி, அதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

அப்புறம் புள்ளிவிவரம் தேட இருவரும் போனுக்குள் குனிந்தார்கள். டமார்! பந்து இடது மூலைச் சுவரில் மோதி உருண்டது. பையன் இரண்டாவது பேஸில் நின்று மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்வரிசை ஆள் ஒருவர் என் தோளைத் தொட்டுக் கேட்கிறார்: "என்ன ஆச்சு?"