கல்லறை வரைபடத்தை எப்போது தாக்கல் செய்யப் போகிறோம்?

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம், கறுப்புப் பட்டை அணிகிறோம். 1950-ல் அதே தேதியில் வெளியான பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தியை எதிர்த்து ஆயர்களும் குருக்களும் தலித் கிறிஸ்தவ அமைப்புகளும் ஆண்டுதோறும் தெருவுக்கு வருகிறார்கள். வரத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பத்தியை உடைக்கக்கூடிய மிக வலுவான ஆதாரம் டெல்லியில் இல்லை. நம் பங்கு அலுவலக அலமாரியிலும் சாதி பார்த்துப் பிரித்த நம் கல்லறைத் தோட்டங்களிலும்தான் இருக்கிறது. அதை எடுத்து வைக்க நம் திருச்சபைகள் தயங்குகின்றன. இந்தப் பதிவு அந்தத் தயக்கத்தைப் பற்றியது.

மூன்றாம் பத்தி சொல்வது ஒரே வரிதான்: இந்து, சீக்கிய, பௌத்த மதங்கள் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். 1950-ல் இந்து மட்டும்தான் இருந்தது. பஞ்சாப் பகுதியின் நான்கு சீக்கிய சாதிகளுக்கு மட்டும் விலக்கு. 1956-ல் சீக்கியர் அனைவரையும் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். இரண்டும் நாடாளுமன்றத்தில் சாதாரணச் சட்டமாக நிறைவேறியவை. அரசமைப்பின் 341-வது பிரிவே அதற்கு வழி வைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவெல்லாம் தேவையில்லை. பழங்குடியினர் பட்டியலில் மதத் தடையே கிடையாது. அதனால்தான் கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள நாகாலாந்தில் 60 சட்டமன்றத் தொகுதிகளில் 59 பழங்குடியினர் தனித்தொகுதிகளாக இருக்க முடிகிறது. மதம் மாறினால் பழங்குடி அடையாளம் போகாது, தீண்டாமை மட்டும் போய்விடும் என்று சட்டம் எப்படி நம்புகிறதோ தெரியவில்லை.

இதன் விளைவை அதிகாரம் என்ற கோணத்தில் பாருங்கள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44-ம், 39 மக்களவைத் தொகுதிகளில் 7-ம் பட்டியல் சாதியினருக்கானவை. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி. இவற்றில் எதிலும் ஒரு தலித் கிறிஸ்தவர் வேட்பாளராக நிற்க முடியாது, வாக்குப் போடலாம். பொதுத்தொகுதியில் நிற்கலாம்தான். அப்போது பட்டியல் சாதி வேட்பாளருக்கு 5,000 ரூபாயாக உள்ள சட்டமன்ற டெபாசிட்டை இவர் 10,000 ரூபாயாகக் கட்டவேண்டும். பொதுத்தொகுதியில் தலித் ஒருவருக்கு டிக்கெட் கொடுக்க எந்தப் பெரிய கட்சி முன்வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சியில் தனிப் பதவியாகும்போதும் இதே கதவு மூடிக்கொள்கிறது. 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இவருக்கு இல்லை. அரிவாள் ஓங்குகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுவிட்டு ஓங்குவதில்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டு அரசே இவர்களை வேறு இடங்களில் ஆதிதிராவிடராக அங்கீகரிக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைக்கு இடம் உண்டு, கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழ் என்று வந்தால் பி.சி. எத்தனை தலைமுறைக்கு முன் மதம் மாறியிருந்தாலும் பி.சி. பட்டியல்தான். 26.5 சதவீதத்துக்குள் நிலமும் கடையும் வைத்திருக்கிற சாதிகளோடு போட்டி போடவேண்டும். மத்திய அரசு வேலைக்குப் போனால் ஓ.பி.சி., அங்கே 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பும் சேர்ந்துகொள்ளும்.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதை நம் ஆட்களில் பலர் முழுதாகப் படித்ததில்லை என்று நினைக்கிறேன். 1985 செப்டம்பர் 30 அன்று வந்த சூசை வழக்குத் தீர்ப்பு. சென்னை ரத்தன் பஜாரும் என்.எஸ்.சி. போஸ் சாலையும் சேரும் முனையில் உட்கார்ந்து செருப்புத் தைத்த தொழிலாளி அவர். சாலையோரம் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே சாலையில் அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. கிறிஸ்தவ ஆதிதிராவிடரான இவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. காரணத்தைக் கவனியுங்கள். மதம் மாறியபின் சாதி போய்விடுகிறது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்து சமூகத்துக்குள் அனுபவித்த இழிவும் ஒடுக்குமுறையும் அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று காட்டவேண்டும், அதற்கான அதிகாரபூர்வமான, விரிவான ஆதாரம் எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றுதான் சொன்னது.

அதாவது நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது?

பங்கு அலுவலகத்தில் மூன்று பதிவேடுகள் இருக்கும்: திருமுழுக்கு, திருமணம், அடக்கம். இந்த மூன்றும் இதுவரை நீதிமன்றத்துக்குப் போனபோதெல்லாம் தலித் மனிதருக்கு எதிராகவே போயிருக்கின்றன. கேரளத்தின் தேவிகுளம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் அந்தத் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் அ.ராஜா வென்றார். திருநெல்வேலியிலிருந்து தோட்டத் தொழிலுக்குப் போன பறையர் குடும்பம். அவர் கிறிஸ்தவர் என்று சொல்லித் தோற்றவர் வழக்குப் போட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கல்யாணப் புகைப்படம் என்று எல்லாவற்றையும் கேரள உயர் நீதிமன்றம் புரட்டிப் பார்த்தது. பதிவேட்டில் திருத்தியிருக்கிறார்கள் என்றது. 2023 மார்ச்சில் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரது வெற்றியை உறுதிசெய்தது. நான்காண்டுகள் ஒரு மக்கள் பிரதிநிதி தன் அம்மா எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வேலை வழக்கிலும் குழந்தைப் பருவத்து ஞானஸ்நானப் பதிவு முக்கியச் சான்றாக வந்தது. அங்கே உச்ச நீதிமன்றம் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று முடித்துவிட்டது.

இது புதிதல்ல. கோலார் தங்கவயலில் 1967-லேயே ஆரம்பித்த கதை. அந்தத் தனித்தொகுதியில் ஜெயித்த ஆதிதிராவிடர் ஒருவர் மாணவப் பருவத்தில் கிறிஸ்தவராகியிருந்தார் என்பதால் அவரது தேர்தல் செல்லாமல் போனது. 1972-ல் மீண்டும் நின்று ஜெயித்தார், மீண்டும் வழக்கு. தாய்மதம் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய நிலை திரும்பிவிடும் என்று 1975 இறுதியில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகுதான் பதவி நிலைத்தது. 2015-ல் இன்னொரு வழக்கில் அதையே மூன்று நிபந்தனையாக வகுத்தார்கள்: முன்னோர் அந்தச் சாதி என்பதற்குச் சான்று, திரும்பி வந்ததற்குச் சான்று, சமூகம் ஏற்றதற்குச் சான்று. விசுவாசத்தைக் கைவிட்டால் மறுநாளே சாதி காத்திருக்கிறது என்று நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது. அப்படியென்றால் நடுவில் அது எங்கே போயிருந்தது?

நம் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தது. பிணத்தைப் பிரித்துப் புதைக்கும் சுவர் இன்னும் எத்தனை ஊரில் நிற்கிறது! வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு கையாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதைப் பார்க்க இரண்டு கூடம், பிள்ளைமாருக்கு ஒன்று, நாடார் முதலானோருக்கு இன்னொன்று. தடுப்பை இடித்தபோது பிள்ளைமார் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1910-களில் நடந்த அந்த வழக்கில் சாதி இருக்கிறதா இல்லையா என்று யாரும் வாதிட வேண்டியிருக்கவில்லை, கட்டடமே சாட்சியாக நின்றது. 2008-ல் எறையூரில் தலித்துகள் தனிப் பங்கு கேட்டபோது கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்ல காரியம்தான். ஆனால் எந்த மறைமாவட்டத்தில் எந்தப் பங்கில் என்ற விவரம் இல்லாத ஒப்புதலை, இதை ஆராய அரசு அமைக்கும் ஆணையம் என்ன செய்யும்?

2022-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் இந்த ஓட்டையில்தான் கைவைத்தது. மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007 பரிந்துரையை ஏற்க முடியாது, கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டது. அதே ஆண்டு அக்டோபரில்தான், இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்திருந்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஆதரவுத் தீர்மானம் போட்டது. அந்த அளவுக்கு அரசியல் செல்வாக்கு நம் திருச்சபைகளுக்கு இருக்கிறது. முதலமைச்சரைப் பார்க்க முடிகிற ஆயருக்கு, தன் மறைமாவட்டத்தின் கல்லறைச் சுவர்களைப் பட்டியலிட முடியாதா?

ஒரு பங்கில் இதைச் செய்ய என்ன வேண்டும்? கல்லறைத் தோட்டத்தின் சர்வே எண், நில அளவை வரைபடம், அதன் மேல் சுவரும் தனி வாசலும் எங்கே என்ற குறிப்பு, சுவர் கட்டிய ஆண்டு, செலவு எந்தக் கணக்கில் என்ற பங்குக் கணக்கேட்டின் நகல். அடக்கப் பதிவேட்டிலிருந்து கடைசி 30 ஆண்டில் யார் எந்தப் பக்கம் புதைக்கப்பட்டார் என்ற அட்டவணை. திருவிழா அழைப்பிதழ்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். உபயதாரர், தேர்க் கமிட்டி பெயர்களை எடுத்தால் போதும். சப்பரம் எந்தத் தெரு முனையில் திரும்புகிறது என்று ஒரு கோட்டு வரைபடம். மறைமாவட்டப் பள்ளி, கல்லூரிகளில் ஆசிரியர், முதல்வர், தாளாளர் பதவிகளில் தலித் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. இதோடு பாதிக்கப்பட்ட ஐந்தாறு பேராவது தங்கள் பெயரில், நோட்டரி முன் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

தவறு நடப்பதும் இங்கேதான். அமைப்பின் லெட்டர்பேடில் ‘எங்கள் பகுதியில் தீண்டாமை உள்ளது’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். அது மனு, சாட்சியம் ஆகாது. தேதியில்லாத செல்போன் படம் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும் சேகரித்த காகிதம் அவரோடு போய்விடும், அல்லது அடுத்தவர் ‘ஊரில் அமைதி கெடும்’ என்று பூட்டி வைப்பார். அதனால் மூலம் பங்கில் இருக்கட்டும், சான்றிட்ட நகல் ஒன்று மறைமாவட்ட அலுவலகத்திலும் ஒன்று வெளியே ஒரு வழக்கறிஞரிடமும் இருக்கவேண்டும். வன்கொடுமைச் சட்டம் பொருந்தாவிட்டாலும் 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமை எந்த மதத்தில் நடந்தாலும் பொருந்தும். வழிபாட்டிடமும் இடுகாடும் அதில் வருகின்றன. முதல் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை அதிகபட்சம் ஆறு மாதம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் பதிவாகும் ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரும் ‘கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை’ என்ற வாதத்துக்கு எதிரான அரசு ஆவணம்.

திருச்சபையின் மானம் போகுமே என்கிறார்கள். சுவரைக் கட்டிய நாளில் போன மானம் அது.

இந்து தலித் சகோதரர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் இன்னொரு கூட்டம் வந்தால், அதுவும் மிஷன் பள்ளியில் படித்த கூட்டம் வந்தால், யார் பங்கு குறையும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மறைமுகமாகப் பேசாமல் பதில் சொல்லவேண்டும்: பி.சி. ஒதுக்கீட்டில் தலித் கிறிஸ்தவர் இப்போது பெறும் அளவைக் கணக்கிட்டு அதையும் உடன் எடுத்துவரவேண்டும். அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீதம் உள்ஒதுக்கீடு இருக்கிறது, உள்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. தனித்தொகுதிகள் விஷயத்தில் பயமே வேண்டாம். அவற்றின் எண்ணிக்கை பட்டியல் சாதி மக்கள்தொகையின் விகிதப்படி வருவது. தலித் கிறிஸ்தவரையும் சேர்த்து எண்ணினால் மறுவரையறையின்போது தொகுதிகள் கூடுமே தவிரக் குறையாது.

எண்ணுவது என்றதும் ஒன்று. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போகிறார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 44 லட்சத்துச் சொச்சம், 6.12 சதவீதம், அதில் தலித் எத்தனை பேர் என்று அரசுக் கணக்கு இல்லை, ஆளாளுக்கு ஒரு சதவீதம் சொல்கிறோம். கணக்கெடுப்பாளர் வரும்போது மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று சொல்லுங்கள். சாதி என்ற இடத்தில் பறையர், தேவேந்திரகுல வேளாளர், அருந்ததியர் என்று உங்கள் சாதிப் பெயரைச் சொல்லுங்கள், ‘ஆர்.சி.’ என்றோ ‘சி.எஸ்.ஐ.’ என்றோ ‘கிறிஸ்டியன்’ என்றோ அந்த இடத்தில் பதிய விடாதீர்கள். பூசைக்குப் பிந்திய அறிவிப்பில் இதை இப்போதே பங்குத்தந்தையர் சொல்ல ஆரம்பிக்கலாம்.