கார்டு எத்தனை என்று கேட்பவர்களுக்கு

நம் ஸ்கூபா டைவிங் குழுவில் நடந்த உரையாடலின் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு நேற்றிரவே யாராவது அனுப்பியிருப்பார்கள். ஆகவே பின்கதை சொல்லப் போவதில்லை. ஓப்பன் வாட்டர் என்ற முதல் கோர்ஸை முடித்த ஒரு தம்பி, அடுத்து எந்த கோர்ஸில் சேரலாம் என்று குழுவில் கேட்டான். முதலில் நீருக்கடியில் மேலேறாமல் கீழிறங்காமல் நிற்கும் மிதப்பைச் சரிசெய், திசை பார்க்கக் கற்றுக்கொள், பிறகு அடுத்தவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ, ஆழத்துக்கு அவசரப்படாதே என்று எழுதினேன். அதற்குத்தான் நம் கனவான், கோர்ஸுக்கு ஒன்றாகக் கிடைத்த தன் சான்றிதழ் கார்டுகளைச் சீட்டுக்கட்டுபோல விரித்துப் படமெடுத்துப் போட்டு, “அண்ணனிடம் எத்தனை இருக்கிறது?” என்று கேட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். பொம்மை போட்டவர்களில் என்னோடு ஒரே படகில் ஒரே பாட்டில் தண்ணீரைப் பங்கிட்டுக் குடித்தவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

நான் சொன்னது ஒன்றுதான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். அடுத்து எந்த கோர்ஸ் என்பதை நீ இறங்கும் கடல் சொல்ல வேண்டும். அந்தக் கடலில் உனக்கு எது கைவரவில்லையோ அது சொல்ல வேண்டும். விலைப்பட்டியல் சொல்லக் கூடாது.

களியக்காவிளை தாண்டி, பாலராமபுரம் வழியாகக் கோவளத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் போகிற நம்மவர்களுக்கு அந்தக் கடல் தெரியாததில்லை. நாம் வழக்கமாக இறங்கும் பாறைகள் 18 மீட்டருக்குள் இருப்பவை. ஓப்பன் வாட்டர் கார்டு அனுமதிக்கும் ஆழமே அதுதான். தெளிந்த நாளில் பொந்துக்குள் பாம்புபோன்ற அஞ்சாளை மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும், களவா மீன் ஒதுங்கி நிற்கும். கலங்கிய நாளில் நீட்டிய கையே தெரியாது. தலைக்கு மேலே வள்ளங்கள் எஞ்சினை முறுக்கிக்கொண்டு ஓடும். 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்ட பிறகு பெரிய கப்பல்களும் வந்து போகின்றன. இந்த இடத்தில் ஒருவனுக்கு அவசியமானது எது? திசைகாட்டியைப் பார்த்துப் படகுக்குத் திரும்பத் தெரிவது. மேலே வருமுன் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயில் காற்றை நிரப்பி, கயிற்றைச் சிக்கவிடாமல் அனுப்பத் தெரிவது. அதற்கும் தனி கோர்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டைப் படமெடுத்துப் போட்டால் யாரும் கை தட்டமாட்டார்கள் அல்லவா, அதனால் எவரும் சேர்வதில்லை.

கை தட்டல் முழுவதும் ‘டீப்’புக்குத்தான். 40 மீட்டர் வரை போகலாம் என்ற கார்டு. சரி, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று என்றால் மொத்தம் 2,400 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவன் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பான், ஏனென்றால் அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. கடைசி 50 பாரைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 1,800 லிட்டர். 30 மீட்டரில் அது 22 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும்; இறங்க, ஏற, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க ஆகும் காற்றையும் கழித்தால் அடியில் அந்த நேரமும் தேறாது. பதற்றத்தில் இரட்டிப்பாக மூச்சு வாங்குபவனுக்கு அதில் பாதி. போதாததற்கு அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் வேறு. மூச்சை அடக்கியாளத் தெரியாதவனுக்கு 40 மீட்டர் கார்டு எதற்கு?

மிதப்பு என்று ஏன் கத்துகிறேன் என்பதற்கு, கனவான் தானே பெருமையாகப் போட்ட வீடியோ போதும். இடுப்பில் தேவைக்கு மேல் ஈயக்கட்டி. அந்தப் பாரத்தைத் தூக்க, காற்றடைக்கும் மிதப்புச் சட்டைக்குள் ஓயாமல் காற்று. அது மேலே இழுக்க, காலை உதைக்கிறார். காலில் மாட்டிய துடுப்பு மணலைக் கிளப்ப, பின்னால் வந்த இருவர் கேமராவிலிருந்தே மறைந்துபோகிறார்கள். கடைசியில் முழங்கால் பாறையில், கை சிப்பிக் கூட்டத்தில். ஈயத்தைச் சரிபார்ப்பது பெரிய வித்தையில்லை. டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, சட்டையைக் காலியாக்கி, இயல்பாக மூச்சிழுத்து நீர்ப்பரப்பில் அசையாமல் மிதந்து நிற்க வேண்டும். தண்ணீர் கண் மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல இறங்கினால் எடை சரி. மிதப்புக்கென்றே இரண்டே டைவில் முடிகிற கோர்ஸ் இருக்கிறது. சேருங்கள் ஐயா, யாரிடமும் சொல்லமாட்டேன்.

“நைட்ராக்ஸ் எடுக்கக் கூடாது என்கிறீர்களா?” என்று, ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்றுக்கான கோர்ஸைப் பற்றி ஒருவர் கேட்டார். எங்கே சொன்னேன்? அந்தமானிலோ மாலத்தீவிலோ ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இறங்கப் போகிறவன் தாராளமாக எடுக்கட்டும். இடையில் நிற்காமல் மேலே வரக்கூடிய நேரமாக, 18 மீட்டரில் சாதாரணக் காற்றுக்குப் PADI என்ற பயிற்சி நிறுவனத்தின் அட்டவணை 56 நிமிடம் தருகிறது, 32 சதவீத ஆக்ஸிஜன் கலவைக்கு 95 நிமிடம். ஆனால் அதே கலவையோடு 33 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆக்ஸிஜனே நஞ்சாகும். நைட்ராக்ஸ் வைத்துக்கொண்டு இன்னும் ஆழம் போகலாம் என்று குழுவில் எழுதியவரும் பல கார்டுக்காரர்தான் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

“அவர் பணம், அவர் செலவு, உனக்கென்ன எரிச்சல்?” எரிச்சல் செலவில் இல்லை. ஐந்து ஸ்பெஷாலிட்டி (தனித்திறன் கோர்ஸ்), ரெஸ்க்யூ, 50 டைவ் என்று முடித்தால் மாஸ்டர் பட்டம் தருகிறார்கள், முறையாக வாங்கியவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்த ஐந்தில் படகிலிருந்து இறங்குவதற்கு ஒரு கார்டும் மீன் பெயர் அறிவதற்கு ஒரு கார்டும் இருக்கலாம். மீனவ ஊரான கடியப்பட்டணத்தில் பள்ளிக்கூடம் போகும் பையனை நிறுத்தி மீன் பெயர் கேளுங்கள், அவனுக்கு எத்தனை கார்டு கொடுப்பீர்கள்? பயிற்சியாளர்கள் பிழைக்க வேண்டாமா என்றால், வேண்டும். ரெஸ்க்யூ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கட்டும்.

என் பெரியப்பா சிப்பி குளித்தவர். இடுப்பில் வலைப்பை, கையில் இரும்புக் கம்பி, நெஞ்சில் ஒரு மூச்சு, அவ்வளவுதான். பாறையில் உரசி உரசி அவர் விரல் நுனிகளில் ரேகை பார்க்க முடியாது. கரையில் நின்று நுரை போகும் பக்கத்தைப் பார்த்தே நீவாடு, அதாவது நீரோட்டம், எப்படி என்று சொல்வார். அவரை ஒருமுறை ஒரு டைவிங் கடைக்குக் கூட்டிப்போனேன். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், “இவருக்கு நீச்சல் தெரியுமா?” என்று கேட்டான். பெரியப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. நேற்று அந்தப் பொம்மைகளைப் பார்த்தபோதும் அந்த மேசைதான் கண்ணுக்குள் வந்தது.

உடனே, “அப்படியானால் நீ ஏன் கோர்ஸ் படித்தாய், பெரியப்பாவிடமே கற்றிருக்கலாமே” என்று யாராவது வருவீர்கள். பெரியப்பா மேலே இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு ஏறினார். நாம் கீழே அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறோம். 10 மீட்டரில் நிறைத்த நுரையீரலை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். அதைப் படிக்காமல் யாரும் சிலிண்டரை முதுகில் ஏற்றக் கூடாது. படிப்பு வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிப்பவர்கள் என் பதிவை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

ரெஸ்க்யூ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலை தூக்கிப்போட்ட ஒரு மதியம், எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் மேலே வந்ததும் முகமூடியைப் பிய்த்தெறிந்தான், வாயில் இருந்ததைத் துப்பினான், கிடைத்த ஆளின் தலையைப் பிடித்து ஏறப் பார்த்தான். முன்னால் போனால் நம்மையும் அமுக்கிவிடுவான். பின்னால் சுற்றிப்போய், அவன் சிலிண்டரை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, அவன் சட்டைக்குக் காற்றை விட்டேன். மிதக்கிறோம் என்று தெரிந்த நொடியில் குழந்தையாக அழுதான். கனவானும் அன்று அதே படகில்தான் இருந்தார். ஏணிக்குப் பக்கத்தில். கேமராவைத் துடைத்துக்கொண்டு.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கார்டு எத்தனை என்று கேட்டதால் எழுதினேன்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு கோர்ஸில் சேர்வதாக இருந்தால் அது ஐந்தே டைவ், பெயரைப் பார்த்து மயங்காதே. ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மற்ற மூன்றும் உன் விருப்பம். அந்த மூன்றில் மிதப்பை முதலில் எழுது. பிற்பாடு அதில் தனி கோர்ஸ் சேர்ந்தால் அந்த டைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். ஆக்ஸிஜன் முதலுதவியையும் கேட்டு வை, அதைப் படிக்கக் கடலில் இறங்கவே வேண்டாம். பணம் கட்டுமுன், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேள், பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு. மிச்சத்தை உள்பெட்டியில் பேசுவோம். கீழே வந்து கார்டு படம் போடுபவர்களை நீக்கிவிடுவேன், பிறகு வருத்தப்படக் கூடாது.